வளர்ந்த பிள்ளையின் கணக்குகளைக் குடும்பக் கணக்குகளிலிருந்து பிரித்தல்: அறிகுறி வாரியான பிழை நீக்கும் வழிமுறை

பத்தாம் வகுப்பில் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த கைபேசியில் அப்பாவின் பெயரில் எடுத்த சிம், அம்மாவின் ஜிமெயில், வீடு முழுவதற்கும் ஒரே கடவுச்சொல் என்று தொடங்கிய ஏற்பாடு, அந்தப் பிள்ளை கல்லூரியை முடித்து வெளியூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் மாறாமல் இருப்பது தமிழ்நாட்டு வீடுகளில் மிகச் சாதாரணம். எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கும்வரை இதனால் பெரிய இடையூறு எதுவும் தெரிவதில்லை. பிள்ளை பெங்களூரில் ஆதார் சரிபார்ப்புக்காகக் காத்திருக்கும்போது ஓ.டி.பி. மதுரையில் உள்ள அப்பாவின் கைபேசிக்குப் போவதும், அவர் அந்த நேரம் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதும் நிகழும்போதுதான் சிக்கல் வெளிப்படுகிறது.

இந்த வழிமுறை 18 வயது நிரம்பிய மகன் அல்லது மகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறிக்கு நேரே சென்று வாசிக்கலாம். ஆனால் செய்யும் வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில் கைபேசி எண், அடுத்து மின்னஞ்சல், அதன்பின் வங்கியும் பணமும், கடைசியாகவே கூகுள் போன்ற நிறுவனங்களின் குடும்பக் குழுக்களும் பொழுதுபோக்குச் சந்தாக்களும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எளிதாக இருப்பதால் முதலில் குடும்பக் குழுவிலிருந்து விலகிவிட்டு, எண்ணை "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். எண் இன்னும் அப்பாவிடம் இருக்கும்போது புதிய மின்னஞ்சல் தொடங்கினால், அதன் மீட்பு எண்ணாகவும் (கடவுச்சொல் மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் எண்) அப்பாவின் எண்ணே அமையும். அந்த மின்னஞ்சலை நம்பி மாற்றிய அனைத்தும் மீண்டும் பழைய இடத்திலேயே கட்டுண்டு நிற்கும்.

இதைப் பெற்றோர் மீதுள்ள நம்பிக்கைக் குறைவாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்பதை இரு தரப்பும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. அப்பாவின் ஒரு கைபேசி தொலைந்தால் நான்கு பேரின் கணக்குகளும் அதே நாளில் முடங்கும் நிலை யாருக்கும் பாதுகாப்பானது அல்ல.

தொடங்குவதற்கு முன்

எந்தக் கணக்கையும் அழிக்காதீர்கள். பிரிப்பதற்கு அழித்தல் தேவையே இல்லை. அவசரத்தில் அழிக்கப்படும் பழைய ஜிமெயில் ஒன்றில்தான் கல்லூரிச் சேர்க்கை ஆவணமும் காப்பீட்டுப் பத்திரமும் இருக்கும்.

பொது மின்னஞ்சலைத் திறந்து, 'வெல்கம்', 'வெரிஃபை', 'ரிஜிஸ்ட்ரேஷன்', 'ரிசீப்ட்' ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். எந்தெந்தத் தளங்களில் அந்த முகவரி பதிவாகியிருக்கிறது என்பது ஏறத்தாழ முழுமையாகத் தெரிந்துவிடும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், கூகுள் வழியாக உள்நுழையும் வெளிச் செயலிகளின் பட்டியலும் உண்டு; அதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 'கூகுள் டேக்அவுட்' வழியாக மின்னஞ்சல், படங்கள், தொடர்பு எண்கள் ஆகியவற்றின் நகலை ஒரு வெளி வன்தட்டில் இறக்கிவைத்துவிட்டால், பின்னால் எந்த இடத்தில் தடுமாறினாலும் அடிப்படை கையில் இருக்கும்.

அறிகுறி: பிள்ளைக்கு வர வேண்டிய ஓ.டி.பி. பெற்றோரின் கைபேசிக்குப் போகிறது

இந்த ஒரே அறிகுறிக்குப் பின்னால் இரண்டு வேறு காரணங்கள் இருக்கலாம், எந்த ஓ.டி.பி. தவறிப் போகிறது என்பதைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட வங்கியின் அல்லது தளத்தின் ஓ.டி.பி. மட்டும் போகிறது என்றால், அங்கே பெற்றோரின் எண் பதிவாகியிருக்கிறது. அந்தத் தளத்தின் சுயவிவரப் பக்கத்தில் எண்ணை மாற்றினால் போதும். மாற்றும்போது பழைய எண்ணுக்கும் ஒரு ஓ.டி.பி. வரும் என்பதால், பெற்றோர் பக்கத்தில் இருக்கும் ஒரு விடுமுறை நாளில் இப்படிப்பட்ட தளங்கள் அனைத்தையும் ஒரே அமர்வில் முடித்துவிடுவது சிறந்தது.

ஆதார் சார்ந்த ஓ.டி.பி. எல்லாமே போகிறது என்றால், ஆதாரில் இணைந்துள்ள எண் பெற்றோருடையது. ஒரே எண்ணைப் பல ஆதார்களுடன் இணைக்க அனுமதி உண்டு. அதனால் வீட்டில் நான்கு பேருக்கும் அப்பாவின் எண்ணையே கொடுத்திருப்பார்கள். ஆதார் சேவை மையத்துக்கு நேரில் சென்று கைரேகை வைத்துப் புதிய எண்ணைப் பதியலாம். அஞ்சல் துறை வழியாகவும் இந்தச் சேவை கிடைக்கிறது. டிஜிலாக்கர், வருங்கால வைப்பு நிதி, வருமான வரித் தளத்தின் சரிபார்ப்பு ஆகியவை ஆதாரில் இணைந்த கைபேசி எண்ணைப் பின்தொடர்பவை என்பதால், இந்த ஒரு மாற்றத்தைச் செய்து முடித்த பிறகே அவற்றைத் தொடுங்கள். வேலைக்குச் சேரும் தேதி நெருங்கிய பிறகு இதைத் தொடங்கினால் அலைச்சல் மிகும். இறுதியாண்டு படிக்கும்போதே முடித்துவிட வேண்டிய வேலை இது.

அறிகுறி: சிம் பிள்ளையின் கைபேசியில்தான் இருக்கிறது, ஆனால் சிம் தொலைந்தால் மாற்று அட்டை வாங்க முடியவில்லை

சிம் யார் கையில் இருக்கிறது என்பதும் யார் பெயரில் இருக்கிறது என்பதும் வேறு. 18 வயது நிரம்பாதவருக்குச் சிம் விற்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை விதித்திருப்பதால், பள்ளிக் காலத்தில் வாங்கிய எண் ஏறத்தாழ நிச்சயமாகப் பெற்றோர் ஒருவரின் பெயரில்தான் இருக்கும். மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் ஒருவர் தம் எண்ணைக் கொண்டு நுழைந்து, தம் பெயரில் உள்ள இணைப்புகள் அனைத்தையும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 இணைப்புகள் வரைதான் இருக்கலாம் என்பதால், பிள்ளைகள், தாத்தா, கடைக்கு ஒன்று, வண்டியின் இருப்பிடக் கருவிக்கு ஒன்று என்று எடுத்து வைத்திருக்கும் அப்பாக்கள் இந்தப் பட்டியலைப் பார்ப்பது அவசியம்.

எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு உரிமையை மட்டும் மாற்றலாம். இப்போதைய உரிமையாளரும் புதிதாக ஏற்பவரும் அடையாளச் சான்றுகளுடன் அந்த நிறுவனத்தின் கடைக்குச் சேர்ந்து செல்வதே நேரான வழி. குடும்ப போஸ்ட்பெய்டு திட்டத்தில் துணை இணைப்பாக இருந்தால், அந்தத் திட்டத்திலிருந்து முதலில் விடுவித்துக்கொள்ளச் சொல்வார்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். சிம் அட்டை மாற்றப்பட்டால், மோசடியைத் தடுப்பதற்காக முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்திகள் நிறுத்திவைக்கப்படும். அன்று கல்லூரிக் கட்டணம் கட்டவோ தட்கல் சீட்டு எடுக்கவோ திட்டமிடாதீர்கள். அடுத்தது இன்னும் முக்கியமானது: புதிய எண் வாங்கியதும் பழைய எண்ணை உடனே கைவிடாதீர்கள். செயலிழந்த எண் 90 நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கப்படலாம். அந்த எண்ணில் இன்னும் ஒரு வங்கிக் கணக்கோ வாட்சாப்போ தொங்கிக்கொண்டிருந்தால் அதன் ஓ.டி.பி. முன்பின் தெரியாதவரிடம் போய்ச் சேரும். குறைந்த கட்டணத்தில் ரீசார்ஜ் செய்து ஓராண்டாவது உயிருடன் வைத்திருங்கள். வாட்சாப்பில் 'சேஞ்ச் நம்பர்' வழியாக எண்ணை மாற்றினால் குழுக்களும் உரையாடல்களும் அப்படியே புதிய எண்ணுக்கு வந்துவிடும். மாற்றிய கையோடு 6 இலக்க இரட்டைச் சரிபார்ப்புப் பின்னையும் வைத்துவிடுங்கள்.

அறிகுறி: கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் வீட்டுக் கைபேசியில் கணக்கு திறந்தே இருக்கிறது

கூகுள் கணக்கில் கடவுச்சொல்லை மாற்றினால் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். உள்நுழையும்போது "நீங்கள்தானா" என்று உறுதிசெய்யப் பயன்படும் கருவிகள் அதில் விலக்கு. அம்மாவின் கைபேசியில் 'ஆம், நான்தான்' என்று அழுத்திப் பழகியிருந்தால், அந்தக் கைபேசி வெளியேறாமல் நிற்கும். கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் உள்ள கருவிகள் பட்டியலைத் திறந்து, உங்களுடையது அல்லாத ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெளியேற்றுங்கள்.

அதன்பிறகும் யாரோ நுழைகிறார்கள் என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். வீட்டுக் கணினியின் குரோமில் அப்பாவின் கணக்கு திறந்திருந்த வேளையில் நீங்கள் தட்டச்சு செய்த கடவுச்சொல், அப்பாவின் கடவுச்சொல் பெட்டகத்தில் சேமிக்கப்பட்டிருக்கலாம். அவருடைய கணக்கில் நுழைந்து, உங்களுக்குரியவற்றை அங்கிருந்து நீக்க வேண்டும். பாஸ்கீ எனப்படும் கைரேகைச் சாவி பழைய கைபேசியில் உருவாக்கப்பட்டிருக்கலாம். அதையும் உங்கள் கணக்கின் பட்டியலிலிருந்து அகற்றலாம். மூன்றாவது, மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும். அவற்றை மாற்றினாலும் அடுத்த 7 நாள்களுக்குப் பழைய எண்ணுக்கோ முகவரிக்கோ சரிபார்ப்புக் குறியீடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் தரக்கூடும். இது திருட்டிலிருந்து காப்பதற்காக வைக்கப்பட்ட ஏற்பாடு. பழுது என்று எண்ணி மீண்டும் மீண்டும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், ஒரு வாரம் பொறுத்தால் தீர்ந்துவிடும். இந்த வாரத்திலேயே, கைபேசி கையில் இல்லாதபோது உள்நுழைய கூகுள் தரும் அவசரகாலக் குறியீடுகள் 10-ஐயும் அச்சிட்டு உங்கள் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வீட்டுக்கே ஒரு ஜிமெயில்தான், அதை எப்படி இரண்டாக்குவது என்று தெரியவில்லை

ஒரு முகவரியை இரண்டாகப் பிரிக்க வழி இல்லை. யார் அதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தாக வேண்டும். என் கருத்தில், முகவரியில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பார்க்காமல், அதில் வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் போன்றவை யாருக்கு அதிகமாக இணைந்திருக்கின்றன என்பதைப் பார்த்து முடிவு செய்வதே சரி. அநேகமாக அது பெற்றோர் பக்கமே விழும். புதிய முகவரிக்குப் பழகுவது பிள்ளைக்கு எளிது.

பிள்ளை புதிய முகவரி ஒன்றைத் தன் சொந்த எண்ணுடன் தொடங்கிய பிறகு, பழைய முகவரியில் வடிகட்டி அமைத்துக் கல்லூரி, தேர்வு, வேலைவாய்ப்புத் தளங்களிலிருந்து வரும் கடிதங்களை மட்டும் புதியதற்கு அனுப்பச் செய்யலாம். அனுப்பத் தொடங்குமுன் புதிய முகவரிக்கு ஓர் உறுதிக் குறியீடு வரும். இது இடைக்கால ஏற்பாடுதான்; ஒவ்வொரு தளத்திலும் முகவரியை மாற்றிக்கொண்டே வந்து, ஓராண்டுக்குள் அந்த வழி வறண்டுவிட வேண்டும். கூகுள் வழியாக உள்நுழைந்த தளங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: அத்தளத்துக்கெனத் தனிக் கடவுச்சொல் ஒன்றை முதலில் அமைத்துக்கொண்டு, பிறகு மின்னஞ்சலை மாற்றி, அதன்பிறகே கூகுள் இணைப்பைத் துண்டியுங்கள். வரிசை மாறினால் அந்தத் தளத்துக்குள் மீண்டும் நுழையும் வழி அடைபடும்.

டிரைவில் உள்ள கோப்புகளைப் பகிர்வது போதாது. உரிமையாளரையே மாற்ற வேண்டும், அதைப் புதிய உரிமையாளர் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். படங்களுக்கு, பகிரப்பட்ட ஆல்பத்தைத் திறந்து தன் கணக்கில் சேமித்துக்கொள்ளும் வழி உண்டு. சேமித்தவை அந்தக் கணக்கின் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: மகன் தன் கணக்கை அம்மாவின் கைபேசியிலிருந்து நீக்கியதும், அம்மாவின் தொடர்பு எண்கள் அனைத்தும் காணாமல் போய்விட்டன

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பிரிப்பது பற்றிய பேச்செல்லாம் பிள்ளை பெற்றோரைச் சார்ந்திருப்பதாகவே எண்ணிக்கொண்டு நடக்கிறது. நம் வீடுகளில் பாதிக் கட்டுகள் எதிர்த் திசையில் உள்ளன. அம்மாவுக்குக் கைபேசியை அமைத்துக் கொடுத்தது மகன். பிளே ஸ்டோர் திறக்க ஒரு கணக்கு கேட்டதும் தன்னுடையதையே போட்டுக் கொடுத்துவிட்டான். பல ஆண்டுகளாக அம்மா சேமித்த ஒவ்வோர் எண்ணும், பால்காரர் முதல் சம்பந்தி வீடு வரை, மகனின் கூகுள் கணக்கில்தான் சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அவன் கணக்கை நீக்கும்போது அவை கைபேசியை விட்டுப் போய்விடுகின்றன.

பதற்றப்பட வேண்டாம். கைபேசியிலிருந்து கணக்கை நீக்குவதால் கூகுளில் இருக்கும் எண்கள் அழிவதில்லை. மகனின் கணக்கை மீண்டும் அதே கைபேசியில் சேர்த்து, தொடர்பு எண்களின் ஒத்திசைவை இயக்கினால் அவை திரும்பிவிடும். இடையில் யாராவது "இவை எனக்கு வேண்டாதவை" என்று மகனின் பக்கத்தில் அழித்திருந்தாலும், 30 நாள்கள் வரை குப்பைப் பெட்டியிலிருந்து மீட்கலாம். எண்கள் வந்ததும் அம்மாவின் பெயரில் ஒரு சொந்தக் கணக்கைத் தொடங்குங்கள். தொடர்புகள் செயலியில் அம்மாவுக்குரிய எண்களை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, அந்தப் புதிய கணக்கில் இறக்குமதி செய்யுங்கள். புதிய எண்களைச் சேமிக்கும் இடமாகவும் அதையே அமையுங்கள். அதன்பிறகு மகனின் கணக்கை நீக்கினால் எதுவும் போகாது.

வாட்சாப்பும் இதே கதைதான். ஆண்ட்ராய்டில் வாட்சாப் காப்புநகல் கூகுள் கணக்கில்தான் சேமிக்கப்படுகிறது, அந்தக் கணக்கின் இடத்தையும் அது பிடித்துக்கொள்கிறது. தன்னுடைய 15 ஜிபி ஏன் நிறைந்தது என்று தெரியாமல் தவிக்கும் மகன்களில் பலருக்கு, அம்மாவின் குழுக்களில் வந்த காலை வணக்கப் படங்களும் திருமணக் காணொளிகளும்தான் காரணம். வாட்சாப்பின் அமைப்புகளில் உரையாடல் காப்புநகல் பகுதியைத் திறந்து, கணக்கை அம்மாவின் புதிய முகவரிக்கு மாற்றி, உடனே ஒரு முழுக் காப்புநகல் எடுத்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகே பழையதை மகன் தன் பக்கத்தில் நீக்க வேண்டும்.

அம்மாவின் வங்கிக் கணக்கில் மகனின் எண் இருக்கிறதா, அப்பாவின் ஜிமெயிலுக்கு மீட்பு எண் யாருடையது, மின் கட்டணம் யார் செயலியில் பதிவாகியிருக்கிறது, வீட்டின் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு யார் ஆதாருடன் இணைந்திருக்கிறது ஆகியவற்றையும் இதே அமர்வில் கேட்டுவிடுங்கள். 2025 ஜூலை முதல் தட்கல் சீட்டை இணையத்தில் எடுக்க ஆதார் இணைந்த கணக்கு வேண்டும் என்பதால், பிள்ளை தன் கணக்குடன் வெளியூர் போய்விட்டால் பெற்றோர் அவசரப் பயணத்துக்குச் சீட்டு எடுக்க முடியாமல் நிற்பார்கள். பெற்றோருக்கெனத் தனிக் கணக்குகளை அமைத்து, அவர்கள் தாமே ஒரு முறை கட்டணம் கட்டிப் பார்த்து, ஒரு சீட்டு எடுத்துப் பார்த்த பிறகே பிள்ளை தன் பக்கத்தைத் துண்டிப்பது முறை.

அறிகுறி: குடும்பக் குழுவிலிருந்து விலகிய சில நாள்களில் மின்னஞ்சல் வருவது நின்றுவிட்டது

கூகுளின் குடும்பக் குழுவில் நிர்வாகி உட்பட 6 பேர் இருக்கலாம். அப்பா வாங்கிய சேமிப்பிடத்தை மற்றவர்களும் பயன்படுத்தலாம். ஒவ்வொருவரும் முதலில் தமக்குரிய 15 ஜிபியை நிரப்பி, அதன்பிறகே பொது இடத்தைத் தொடுகிறார்கள். 40 ஜிபி வைத்திருக்கும் மகள் குழுவை விட்டு விலகியதும் அவளுடைய எல்லை 15 ஜிபிக்குச் சுருங்கிவிடும். கோப்புகள் உடனே அழிவதில்லை. ஆனால் படங்கள் ஏறாது. அவளுக்கு வரும் மின்னஞ்சல்கள் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வேலைக்கான அழைப்புக் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும் நேரத்தில் இது நிகழ்ந்தால் இழப்பு பெரிது. விலகுவதற்கு முன்பே தன் பயன்பாட்டு அளவைப் பார்த்து, ஒன்று குறைத்துக்கொள்ள வேண்டும், அல்லது தனக்கெனச் சேமிப்பிடம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே விலகிவிட்டவர்கள் உடனடி நிவாரணமாக ஒரு மாதத்துக்கு இடம் வாங்குவதே நல்லது. நெருக்கடியில் எதை அழிப்பது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட அது பாதுகாப்பானது.

இன்னொன்று: வேறொரு குழுவுக்கு மாறுவது 12 மாதங்களுக்கு ஒரு முறைதான் சாத்தியம். திருமணமாகி இன்னொரு குடும்பக் குழுவில் சேரப்போகும் மகளோ மகனோ அவசரப்பட்டு நண்பர்கள் குழுவில் சேர்ந்துவிட்டால் ஓராண்டு காத்திருக்க நேரும்.

மைக்ரோசாஃப்ட் 365 குடும்பத் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பிடத்தில் 1 டிபி கிடைக்கிறது. விலகினால் அது 5 ஜிபியாகச் சுருங்கும். ஆய்வேட்டை ஒன்டிரைவில் வைத்திருக்கும் மாணவர்கள் முன்கூட்டியே இறக்கிக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: ஒருவருக்கு வரும் அழைப்பும் செய்தியும் இன்னொருவரின் ஐஃபோனிலும் தெரிகின்றன

இரண்டு ஐஃபோன்களிலும் ஒரே ஆப்பிள் கணக்கு இருக்கிறது என்பதே இதன் பொருள். குடும்பப் பகிர்வு என்பது வேறு. அதில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உண்டு. ஒரே கணக்கைப் பயன்படுத்தியவர்களில் பிள்ளை தன் பெயரில் புதிய கணக்கு தொடங்கி, தன் கைபேசியிலிருந்து பழையதை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறும்போது தொடர்பு எண்கள் முதலியவற்றின் நகலைக் கைபேசியில் வைத்துக்கொள்ளவா என்று கேட்கும், வைத்துக்கொள்ளுங்கள். படங்களுக்கு அது போதாது: இடத்தைச் சிக்கனப்படுத்தும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் முழு அளவுப் படங்கள் ஐகிளவுடில் மட்டுமே இருக்கும், கைபேசியில் இருப்பவை சிறு வடிவங்களே. வெளியேறுவதற்கு முன்பு அவற்றை ஒரு கணினியில் முழுமையாக இறக்கிவையுங்கள்.

அறிகுறி: கணக்கில் பணம் இருக்கிறது, 18 வயதுக்குப் பிறகு எடுக்க முடியவில்லை

பெற்றோரைக் காப்பாளராகக் கொண்டு தொடங்கிய சிறார் கணக்கு, பிள்ளைக்கு 18 நிரம்பியதும் அதே நிலையில் தொடராது. பிள்ளை நேரில் கிளைக்குச் சென்று அடையாளச் சான்றுகளையும் மாதிரிக் கையொப்பத்தையும் புதிதாகத் தர வேண்டும். அப்போதே தன் எண்ணையும் மின்னஞ்சலையும் பதிவுசெய்துவிட வேண்டும். சிறுவயதில் வாங்கிய பான் அட்டையில் படமும் கையொப்பமும் இருக்காது என்பதால் அதற்கும் திருத்த விண்ணப்பம் கொடுங்கள். பான் எண் மாறாது.

வங்கியில் எண் மாறியதும் யு.பி.ஐ.யைப் புதிய சிம் உள்ள கைபேசியில் மீண்டும் பதிய வேண்டும். படிக்கும் பிள்ளைக்கு அப்பாவின் யு.பி.ஐ. பின்னையே சொல்லிக் கொடுத்திருந்தால், அந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். அதற்கு மாற்றாக 'யு.பி.ஐ. சர்க்கிள்' இருக்கிறது: அப்பா தம் கணக்கிலிருந்து செலவிடும் உரிமையை மகளுக்கு வழங்கலாம், ஒவ்வொரு முறையும் அப்பாவின் ஒப்புதல் தேவைப்படாத முழு ஒப்படைப்பில் மாதத்துக்கு 15,000 ரூபாய், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் என்பது உச்ச வரம்பு, வேண்டாதபோது திரும்பப் பெறவும் முடியும். முதல் சம்பளம் வரும்வரை இது கண்ணியமான ஏற்பாடு.

அறிகுறி: பிள்ளையின் சந்தாக்களுக்கு இன்னும் அப்பாவின் அட்டையில் பணம் போகிறது

செயலியைக் கைபேசியிலிருந்து நீக்குவதால் சந்தா நிற்காது. தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்பாவின் குறுஞ்செய்திகளில் அந்த அறிவிப்புகளைத் தேடினால் எந்தெந்த நிறுவனம் என்று தெரிந்துவிடும். அட்டை வழிச் சந்தாக்களை அந்தந்தத் தளத்திலும், யு.பி.ஐ. வழியானவற்றை யு.பி.ஐ. செயலியின் 'ஆட்டோபே' பகுதியிலும் நிறுத்துங்கள்.

நெட்ஃபிளிக்ஸில் பார்த்தவற்றின் பட்டியல் போய்விடுமே என்ற கவலை வேண்டாம். ஒரு சுயவிவரத்தை அப்படியே புதிய கணக்குக்கு மாற்றும் வசதி 2022 முதல் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் பாடல் பட்டியல்கள் அவரவர் கணக்கிலேயே இருப்பதால் குடும்பத் திட்டத்திலிருந்து விலகினாலும் போவதில்லை, இலவச நிலைக்கு இறங்கும், அவ்வளவுதான்.

அறிகுறி: பழைய கைபேசியை முழுவதும் அழித்துத் தங்கைக்குக் கொடுத்தோம், அது பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொண்டது

கணக்கை நீக்காமல் அழித்ததே காரணம். ஆண்ட்ராய்டில் பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கால் ஒரு முறை உள்நுழைந்து, அமைப்புகளுக்குச் சென்று கணக்கை நீக்கிவிட்டு மீண்டும் அழியுங்கள். ஐஃபோனாக இருந்தால், பழைய உரிமையாளர் வேறு ஊரிலிருந்தே ஐகிளவுட் தளத்தின் கருவி தேடும் பகுதியில் அந்தக் கைபேசியைத் தம் கணக்கிலிருந்து அகற்றலாம். பூட்டைத் திறந்து தருவதாகச் சொல்லும் கடைகளிடம் கொடுக்க வேண்டாம்.

அறிகுறி: எல்லாம் பிரித்த பிறகும் பிள்ளையின் இருப்பிடமும் படங்களும் பெற்றோருக்குத் தெரிகின்றன

கூகுள் மேப்ஸின் இருப்பிடப் பகிர்வு, ஆப்பிளின் கருவி தேடும் செயலி, கூகுள் போட்டோஸின் துணைவர் பகிர்வு (ஒருவரின் படங்கள் இன்னொருவருக்குத் தாமாகவே பகிரப்படும் ஏற்பாடு) ஆகிய மூன்றும் குடும்பக் குழுவிலிருந்து தனித்தவை. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் நிறுத்த வேண்டும். துணைவர் பகிர்வை நிறுத்தினாலும், அம்மா தம் கணக்கில் ஏற்கெனவே சேமித்துக்கொண்ட படங்கள் அவரிடமே இருக்கும். வாட்சாப்பின் இணைந்த கருவிகள் பட்டியலில் வீட்டுக் கணினி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இரவுப் பயணங்களில் இருப்பிடத்தைப் பகிர்வதைப் பல பிள்ளைகளே விரும்புகிறார்கள். அப்படியானால் கால வரம்புடன், அந்தப் பயணத்துக்கு மட்டும் பகிர்வது பொருத்தமாக இருக்கும்.

ஆனால் சில வீடுகளில் இந்தப் பிரிப்பு சம்மதத்துடன் நடப்பதில்லை. தன் விருப்பப்படி படிக்கவோ மணக்கவோ முனையும் மகளின் கைபேசி கண்காணிக்கப்படும் வீட்டில், மேலே சொன்னவற்றை அதே கைபேசியில் செய்தால் மாற்றங்கள் பற்றிப் பெற்றோருக்கு அறிவிப்பு போகக்கூடும். அது ஆபத்தை வரவழைக்கலாம். அந்த நிலையில் உள்ளவர்கள், வீட்டார் ஒருபோதும் தொடாத கருவியில், புதிய எண்ணையும் புதிய மின்னஞ்சலையும் முதலில் தொடங்கி, சான்றிதழ்களின் நகல்களை அங்கே சேர்த்துவைத்து, பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகே பழைய கணக்குகளைத் தொட வேண்டும். 18 நிரம்பியவர் சட்டப்படி வயது வந்தவர். தன் கணக்குகளைத் தன்வசம் வைத்துக்கொள்ள அவருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மகளிர் உதவி எண் 181 எந்நேரமும் இயங்குகிறது. பிரிக்கும் குழப்பத்தில் பணம் மோசடியாகப் பறிபோனால் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐத் தாமதமின்றி அழையுங்கள்.

அறிகுறி: "நாளைக்கு உனக்கு ஒன்று ஆகிவிட்டால் நாங்கள் என்ன செய்வது" என்று பெற்றோர் கேட்கிறார்கள்

இது நியாயமான கேள்வி. கடவுச்சொல்லைப் பகிராமலே இதற்கு வழி உண்டு. கூகுளில் செயல்படாக் கணக்கு நிர்வாகியை அமைத்து, 3, 6, 12 அல்லது 18 மாதங்கள் கணக்கு பயன்படுத்தப்படாமல் இருந்தால் எந்தெந்தத் தரவு யாருக்குப் போக வேண்டும் என்று குறிப்பிடலாம். ஆப்பிளில், மறைவுக்குப் பிறகு கணக்கின் தரவை அணுகக்கூடிய மரபுத் தொடர்பாளர்களாக 5 பேர் வரை நியமிக்கலாம். வங்கிக் கணக்கிலும் வருங்கால வைப்பு நிதியிலும் நியமனதாரர் பெயரைப் பதிவுசெய்துவிட்டு, அந்த விவரத்தைப் பெற்றோரிடம் எழுத்தில் கொடுங்கள். பெற்றோரும் தங்கள் கணக்குகளுக்கு இதையே செய்து, நியமனதாரர் விவரத்தைப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் பக்கத்தில்தான் இந்தப் பதிவு பெரும்பாலும் விடுபட்டிருக்கிறது.